மரத்தின் பின்பக்கம்

1861 நவம்பர் 11, திங்கள். மஹய்யாவ, கண்டி.

மழை விடவில்லை. மாத்தளை வீதி களியாகிக் கிடக்கிறது. கோப்பித் தோட்டத்துக்கு அரிசி ஏற்றிப் போன வண்டி ஒன்று எங்கள் வாசலிலேயே புதைந்தது. வண்டிக்காரன் வாயில் வந்ததையெல்லாம் பிள்ளை அசையாமல் கேட்டுக்கொண்டு நின்றது. என் பாடத்தை ஒரு நாளாவது இவ்வளவு கவனமாகக் கேட்டதுண்டா?

பிள்ளை என்று எழுதுகிறேன். என் பிள்ளை இல்லை. என் புருஷன் மருந்து கட்டும் ஆஸ்பத்திரியில் ஆடி மாதம் ஒரு கங்காணி விட்டுவிட்டுப் போன பெண். தோட்ட வேலைக்கென்று கடலுக்கு அக்கரையிலிருந்து நடத்திக் கூட்டிவந்த கூட்டத்தில் ஒன்று. ஆறு வயதிருக்கும். காலெல்லாம் புண், நெருப்பாய்க் காய்ச்சல். "கொஞ்ச நாளைக்கு இஞ்சை இருக்கட்டும்," என்று இவர் தூக்கிக்கொண்டு வந்தார். நாலு மாதம் ஆகிறது. பெயர் கேட்டால் வாய் திறக்கவில்லை. கமலம் என்று வைத்தேன். நாங்கள் யாழ்ப்பாணத்தில் புதைத்துவிட்டு வந்த குழந்தைக்கு யோசித்து வைத்திருந்த பெயர். கூப்பிட்டால் திரும்பமாட்டாள்.

இன்று கோப்பிக் கொட்டைகளை வரிசையாக வைத்து 'ட' எழுதப் பழக்கினேன். கொல்லைச் செடியில் பறித்த பழத்தைப் பிதுக்கிக் காட்டினேன். உள்ளே இரண்டு கொட்டை. "ரெண்டும் மூஞ்சிய மூஞ்சி பாத்துக்கிட்டு இருக்கு," என்றாள். அடுத்த பழத்தில் ஒன்றே ஒன்று, உருண்டையாக. "இதுல இன்னொண்ணு எங்க?" சில பழம் அப்படித்தான் என்றேன். இந்த வீட்டுக்கு வந்து அவள் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

நவம்பர் 15.

வெயில். வாவிக்கரை வரை நடந்தோம். மரம் என்றால் இவளுக்கு உயிர். ஒவ்வொன்றிடமும் ஓடுகிறாள், பட்டையைத் தடவுகிறாள், சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். ஒன்றையும் விடுவதில்லை. மருது, நாகமரம், அரசு என்று பெயர் சொல்லிக்கொண்டு வந்தேன். பெயரில் அவளுக்கு அக்கறை இல்லை. பின்பக்கம்தான் வேண்டும்.

"பெட்டைக்கு நல்லாப் படிப்பு வரும். ஒரு மரத்தை முழுசாப் பாக்காமல் விடாள்," என்று இவரிடம் பெருமையடித்தேன்.

"கால் புண் ஆறுறதுக்கு முதல் இவ்வளவு தூரம் நடத்தாதையும்," என்றார். எதிலும் புண்ணைத்தான் பார்ப்பார்.

நவம்பர் 30.

அட்டை கடித்தது. அவளை அல்ல, என்னை. நான் போட்ட சத்தத்தைக் கேட்டு உப்பெடுத்துக்கொண்டு ஓடி வந்து, அட்டை சுருண்டு விழுந்ததும் சிரித்தாள். சிரிக்கத் தெரியும்!

டிசம்பர் 9.

பழைய பஞ்சாங்கத்தில் இலை சேர்க்கிறோம். பக்கத்துக்கு ஒன்று. பலா, ஈரப்பலா, கொய்யா, கோப்பி. அவளுக்கென்று ஒரு முறை இருக்கிறது. முதலில் இலையின் நுனியை விரலால் தடவுவாள். பிறகு காம்பைக் கிள்ளிப் பால் வருகிறதா என்று பார்ப்பாள். நுனி கூராக இருந்தால் அந்த இலையே வேண்டாம், எறிந்துவிடுவாள். நான் பொறுக்கி வைத்து ஒட்டுவேன்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம் படித்த எனக்கு இப்படி வகை பிரித்துப் பார்க்க ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? இவளைப் படிக்க வைக்கிறேன். யார் தடுத்தாலும் சரி.

டிசம்பர் 26.

ஆஸ்பத்திரிக்கு நேற்று ஒரு வண்டியில் ஒன்பது பேர் வந்தார்களாம். இன்று நாலு பேர் இருக்கிறார்கள். இவர் சாப்பிடவில்லை.

1862 ஜனவரி 20, திங்கள்.

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மத்தியானம் அடுப்புக் கரியால் தரையில் ஓர் இலை வரைந்தாள். நல்ல வடிவாக. அடியில் ஒடுங்கி, மேலே அகன்று, நுனியில் மட்டும் ஒரு வெட்டு. "ஏன் பிள்ளை, புழு கடிச்சதோ?" என்று கேட்டேன்.

"இல்ல. எல்லா எலையும் அப்படித்தான். நுனி கடிச்ச மாதிரி. மஞ்சளா பழம் கெடக்கும். தின்னா ஒதடு ஒட்டிக்கிரும்."

பாலை! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொரு வருடமும் அப்பு வன்னியிலிருந்து கடகம் நிறையப் பாலைப்பழம் கொண்டு வருவார். பிசின் ஒட்டாமலிருக்க உதட்டில் எண்ணெய் தடவிக்கொண்டு தின்போம். அதையெல்லாம் அவளிடம் கொட்டினேன். வன்னியில் எங்கு பார்த்தாலும் அந்த மரம்தான் என்றேன், பால் வரும் என்றேன், பேர் பாலை என்றேன்.

அவள் எழுந்து வந்து என் சேலையைப் பிடித்தாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா அந்த மரம்? அங்க கூட்டிட்டுப் போறீங்களா? எங்கம்மா அங்கதான் ஒக்காந்திருக்கு. மரத்துக்குப் பின்னால. நெழல்ல."

ஜனவரி 21.

படிப்பாம். வகை பிரிக்கிறாளாம். நான் ஒரு முட்டாள்.

ஆறு மாதமாகத் தாயைத் தேடியிருக்கிறாள். நான் பக்கத்தில் நின்று மரத்தின் பெயர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பாலை இந்த ஈர மலையில் வளராது. தம்புள்ளைக்கு அப்பால், வறண்ட காட்டில்தான். வடக்கிலிருந்து நடந்து வருகிறவர்கள் வருகிற வழி. இது எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் நேற்று அவளுக்கு என்ன சொன்னேன்? "இஞ்சையும் எங்கையாவது நிக்கும். தேடுவம்." ஏன் அப்படிச் சொன்னேன்? பயந்து சொன்னேன் என்று எழுதப் பார்க்கிறேன். அது முழு உண்மை இல்லை. அந்தத் தாய் எங்கேயாவது உயிரோடு இருந்து வந்து கேட்டால் கொடுக்க வேண்டுமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அதுதான் உண்மை. இதை யாரும் படிக்கப்போவதில்லை.

ஜனவரி 29.

நடந்தோம். பதினேழு மரம். எல்லாவற்றின் பின்பக்கமும்.

பெப்ரவரி 16, ஞாயிறு.

பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் போன கங்காணி கறுப்பையா வந்தார். கலஹாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அரிசி வாங்க இறங்கியவரை ஆஸ்பத்திரி வாசலில் இவர் கண்டு கூட்டி வந்தார். நான் ஒரு ராட்சதனை எதிர்பார்த்திருந்தேன். ஒல்லியான மனிதர், இருமல், ஒரு கண் பூ விழுந்தது. கதிரையில் இருக்கச் சொன்னாலும் இருக்கவில்லை.

பிள்ளை உள்ளேயிருந்து வந்து அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றது. பிறகு கேட்டது:

"மாமா, எங்கம்மா எந்திரிச்சிருச்சா?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "போ புள்ள. போயி வெளையாடு."

அவள் கொல்லைக்குப் போன பிறகு சொன்னார். அவள் பெயர் பூவாயி. தகப்பன் இவர்கள் கப்பலேறுமுன்பே இறந்துவிட்டான். தம்புள்ளைக்கு ஒரு நாள் நடைக்கு முன்னால், ஒரு பாழ்ங்குளக் கட்டுக்கரையில் தாய்க்கு வாந்தியும் பேதியும் கண்டது.

"நடக்க முடியாதவங்கள மரத்துல சாச்சி ஒக்கார வச்சி, சட்டியில தண்ணி வச்சிட்டு வந்துர்றதுங்க. பின்னால வர்ற கூட்டம் கூட்டிக்கிட்டு வரும்னு சொல்லிட்டு வருவோம். நின்னா நாப்பது பேரும் அங்கயே போயிருப்போம்."

"பின்னால வாற கூட்டம் ஆரையாவது கூட்டிக்கொண்டு வந்திருக்கே?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவருக்கு இருமல் வந்தது. அது நின்றதும், "எங்க அண்ணனையும் நான் அப்படித்தாங்க ஒக்கார வச்சிட்டு வந்தேன். போன வருசம்," என்றார்.

திட்டுவதற்கு ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த சொல்லெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. கோப்பி கொடுத்தேன். போகும்போது சொன்னார்: "மாத்தள வரைக்கும் கத்திக்கிட்டே வந்துச்சுங்க. தோள்ல போட்டுத்தான் தூக்கிட்டு வந்தேன். அங்க வாய மூடுனதுதான், அப்புறம் தொறக்கல. ஒங்ககிட்டயே இருக்கட்டும்மா."

பிள்ளையை எனக்கே விட்டுவிட்டுப் போய்விட்டார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. இனிச் சந்தோஷப்படு பார்ப்போம்.

பெப்ரவரி 17.

"பூவாயி" என்று கூப்பிட்டேன். உடனே திரும்பினாள்.

மார்ச் 23.

கோப்பி பூத்திருக்கிறது. மலையெல்லாம் வெள்ளை, வீட்டுக்குள்ளெல்லாம் வாசனை. தேனீ ஒவ்வொரு பூவாக இறங்குவதை இருவரும் குந்தியிருந்து பார்த்தோம். "இது எல்லாத்துலயும் பாக்குது. ஒண்ணையும் விடல," என்றாள். எனக்கு அதற்கு மேல் அங்கே இருக்க முடியவில்லை.

எழுத்து முழுவதும் எழுதுகிறாள். வெளியே போனால் இன்னும் பின்பக்கம் பார்க்கிறாள். நான் இன்னும் பொய்யோடு கூடப் போகிறேன்.

ஏப்ரல் 27.

பக்கத்து வீட்டு ரபீகாவின் புருஷன் ஹபீல், பொதிமாடு ஓட்டித் தம்புள்ளைக்கும் அப்பால் போய் வருகிறவர். நேற்று அவரிடம் சொன்னேன். பாழ்ங்குளக் கட்டு, பாலை மரம், சட்டி. "பாத்துட்டு வாறேன் தங்கச்சி," என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

இவருக்குக் கோபம். "ஒன்பது மாசம். என்னத்தைக் காணப்போறார்? கண்டு என்ன செய்யப்போறீர்?"

"தெரியேல்லை. ஆரும் போய்ப் பாக்கேல்லை எண்டதை மட்டும் என்னாலை அவளுக்குச் சொல்லேலாது."

இவர் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார். ஆனால் இன்று காலை ஹபீலுக்குக் காய்ச்சல் மருந்து கட்டிக் கொடுத்துவிட்டிருக்கிறார். ரபீகா சொன்னாள்.

மே 24, சனி.

ஹபீல் வந்துவிட்டார். மாடுகளைக்கூட அவிழ்க்காமல் நேரே இங்கே வந்தார். படியில் உட்கார்ந்தார்.

"கொளக்கட்டு அம்புட்டிச்சி. எந்த மரமிண்டு பாக்குற தங்கச்சி? பாலை ஒண்டா, ரெண்டா? ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாலயும் என்னமாவது கெடக்கு. சட்டி. சீலத்துண்டு. மத்ததும்." முகத்தைத் துடைத்தார். "ஏலுமான அளவு மண்ணள்ளி மூடினேன். ஆறு மரம் பாத்தேன். அல்லாட மேல சத்தியமா, ஏழாவதுக்குப் போக என்னால ஏலாமப் போச்சு."

தேக்கிலையில் பொதிந்து கொஞ்சம் பாலைப்பழமும், கிளையோடு ஒடித்த இலையும் தந்தார். பொதியைக் கையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை அடுக்களையிலேயே இருந்தேன்.

மே 25, ஞாயிறு.

சொல்லிவிட்டேன்.

இலையை முதலில் கொடுத்தேன். நுனியைத் தடவினாள். காம்பைக் கிள்ளினாள், காய்ந்துவிட்டதால் பால் வரவில்லை. "இதுதான்," என்றாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"பூவாயி, இந்த மரம் கண்டியிலை இல்லை. எனக்கு முதலே தெரியும். நான் உனக்குப் பொய் சொன்னனான். உன்ரை அம்மா செத்துப்போனா. அந்த மரத்தடியிலைதான். பின்னால வந்த ஆக்கள் ஆரும் கூட்டிக்கொண்டு வரேல்லை. ஹபீல் போய்ப் பாத்தவர். மண் போட்டு மூடினவர்."

அந்தக் கடைசி வார்த்தை உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆறில் ஒன்றாக இருக்கலாம். இருக்கட்டும்.

அழவில்லை. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"தண்ணி தீந்துருச்சா?"

அவள் கையைப் பிடித்தேன்.

"அரச் சட்டிதான் வச்சாங்க. பத்தாதுன்னு நான் சொன்னேன். யாரும் கேக்கல."

அழுதது நான்தான். வெட்கமில்லாமல், அவள் முன்னாலேயே, வாய்விட்டு. அவள் பழத்தைத் தொடவில்லை. பஞ்சாங்கத்தை எடுத்து வந்து பாலை இலையைக் கடைசிப் பக்கத்தில் வைத்து மூடி, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இலை தட்டையாக வேண்டுமென்றால் அப்படித்தான் செய்வோம்.

ஜூன் 2.

காய்ச்சல் ஐந்து நாள். இன்று கஞ்சி குடித்தாள்.

ஜூன் 12.

இந்த வருடத்துக் கூட்டங்கள் வரத் தொடங்கிவிட்டன. மாத்தளை வீதியால் முப்பது பேர், ஐம்பது பேர், சட்டியும் பொட்டணமுமாக. பூவாயி வாசலில் தண்ணீர்ப் பானை வைத்திருக்கிறாள். நான் சொல்லவில்லை. பானை பாதியானதும் கிணற்றுக்கு ஓடி நிரப்புகிறாள். இன்று எட்டுத் தரம். குடிப்பவர்களிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. தண்ணீரின் மட்டத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

இவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அதைப் பார்த்துவிட்டு, சட்டையைக் கழற்றாமலே கிணற்றடிக்குப் போனார்.

ஜூன் 22, ஞாயிறு.

வாவிக்கரைக்குப் போனோம். காய்ச்சலுக்குப் பிறகு இன்றுதான். பெரிய மருது வந்தது. பூவாயி அதைத் தாண்டி நேரே நடந்தாள். தண்ணீரில் ஓர் ஆமை தலையைக் காட்டிவிட்டு உள்ளே போனது. எவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று கேட்டாள். தெரியாது என்றேன். இருவரும் எண்ணினோம். இருநூற்றுப் பத்து வரை வந்தும் அது மேலே வரவில்லை.

திரும்பும்போது அவளை முன்னால் போகவிட்டு, நான் மருதைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன்.