காகிதப்பூவுக்குத் தண்ணீர்

அக்கா,

இன்று காலையும் எதிர்வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து புத்தி சொன்னார். "இன்னா தம்பி, தெனமும் ரொப்பி ரொப்பி ஊத்துற, அதான் வெறும் எலையா நிக்குது. காகிதப்பூவுக்குத் தண்ணிய நிறுத்து, தன்னால பூக்கும்."

தெரியும் என்றேன். தெரிஞ்சுமா ஊத்துற என்றார். என் கையில் உன் பாட்டில் இருந்தது. கறுப்பு மார்க்கரில் நான் கோடு போட்ட அதே பாட்டில். ஒரு நாளைக்கு அந்தக் கோடு வரைக்கும்தான் உனக்குத் தண்ணீர். இப்போது அதைக் கழுத்து வரை நிரப்பிச் செடிக்கு ஊற்றுகிறேன். கோடு இன்னும் அழியவில்லை. நல்ல மார்க்கர்.

இந்தச் செடியைக் குச்சியாகக் கொண்டுவந்தது நீதான். மாதா கோயிலில் பூசை முடிந்து கடற்கரைப் பக்கமாக நடந்து வந்தோம். வெள்ளைக்காரத் தெருவில் ஒரு மஞ்சள் சுவரின் மேல் ராணிக் கலரில் கொட்டிக் கிடந்த பூவுக்கு முன்னால் வெளியூர் ஜோடி ஒன்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. வழியை மறிக்கிறார்களே என்று எனக்கு எரிச்சல். நீயோ அவர்கள் நகரும்வரை நின்று, யாரோ கத்தரித்துக் குப்பையில் போட்டிருந்த குச்சிகளில் இரண்டைப் பொறுக்கிக்கொண்டாய்.

"நம்ம மாடியிலயும் இதே மாதிரி தொங்கணும்டா. ஜனங்க நின்னு போட்டோ எடுக்கணும்."

"நம்ம சந்துல நின்னா மாடுதான் முட்டும்."

"முட்டட்டும். நம்ம உப்பளத்துச் சந்துன்னா பூக்க மாட்டேன்னா சொல்லப்போவுது?"

இலையை உருவி, மணல் கலந்த மண்ணில் நட்டு, பிளாஸ்டிக் கவரால் மூடி வைத்தோம். ஒன்று அழுகியது. மற்றது பிடித்துக்கொண்டது. அது சிமென்ட் தொட்டிக்கு மாறி, கைப்பிடிச் சுவரை எட்டிய சமயத்தில் உன் கால் வீங்க ஆரம்பித்தது. செருப்பு சேரவில்லை என்று புதுச் செருப்பு வாங்கினாய். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று தெரிந்தபோது அந்தச் செருப்பு புதுசு மாறவில்லை.

பிறகு கதிர்காமம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஊசி வலிக்கிறது என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. தாகம் என்றுதான் சொன்னாய். குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லை. உடம்பிலேயே தங்கும், நுரையீரலில் ஏறினால் மூச்சு முட்டும். கம்பெனியில் குழாய்களில் ஓடும் தண்ணீரை அளக்கிற கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வீட்டிலும் அதே வேலையாயிற்று. சோற்றில் விட்ட ரசத்தையும் கணக்கில் சேர்த்தேன், மாத்திரை விழுங்கும் மடக்கையும் சேர்த்தேன்.

"மீட்டர்காரன் வந்துட்டான், டம்ளரை ஒளிச்சு வைம்மா" என்பாய். அம்மா சிரிப்பாள். சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒரு சாயங்காலம் நான் மாடிக்கு வந்தபோது வாளியும் குவளையுமாக நின்றிருந்தாய். தொட்டியின் அடியிலிருந்து தண்ணீர் வழிந்து தளமெல்லாம் ஈரம்.

"வேர் அழுகிடும்க்கா. பூ வேணும்னா காயப் போடணும். தண்ணி கெடைக்காம செத்துடுவோமோன்னு பயந்தாத்தான் இது பூக்கும்."

"பயந்து பூக்குதா?"

"ஆமா."

"அப்ப பூக்கவே வேணாம்." இன்னொரு குவளை ஊற்றினாய். "வூட்டுல ஒருத்திய காயப் போட்டு வெச்சிருக்கியே, பத்தலையாடா ஒனக்கு?"

பிறகு குனிந்து தொட்டியில் காதை வைத்தாய். "கேளேன். எப்படிக் குடிக்குது பாரு."

மண்ணுக்குள் நீர் இறங்கும்போது காற்று வெளியேறும் சத்தம் அது. சொல்ல வாயெடுத்தேன். உன் தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

நீ போனது கோடையில். நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுக்குத் திணறித்தான் போனாய். கோட்டைத் தாண்டிக் குடிச்சுட்டாளா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நீ குடிக்கவில்லை. கடைசி நாளிலும் பாட்டிலில் மிச்சம் இருந்தது. இதயம் களைத்துவிட்டது, அவ்வளவுதான்.

அடக்கம், ஜெபம், வந்து போகிறவர்கள் என்று நாட்கள் போயின. மாடிக்கு யாரும் ஏறவில்லை. மழை ஒருமுறை தூறியதோடு சரி. முப்பதாம் நாள் பூசைக்கு நாற்காலி எடுக்க நான் ஏறினேன். செடி முழுக்கப் பூ. இலையே தெரியவில்லை. நீ கேட்டபடியே சுவரைத் தாண்டிச் சந்தில் தொங்கியது. துக்கத்துக்கு வந்தவர்கள் கீழே நின்று போனில் படம் எடுத்தார்கள்.

"அவளே வந்து பூத்த மாதிரி இருக்கு" என்று சித்தி அழுதாள். அம்மா அங்கேயே மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அது நீ இல்லை. சொட்டுத் தண்ணீர் கேட்டு வெயிலில் நின்ற செடி, உயிர் பயத்தில் பூத்திருக்கிறது. அதைப் பார்த்து ஆசீர்வாதம் என்கிறார்கள். எல்லோரும் போனபின் உன் பாட்டிலை நிரப்பிக்கொண்டு மேலே போனேன். ஊற்றினேன். மண் அந்தச் சத்தத்தைப் போட்டது.

அந்தப் பூவெல்லாம் உதிர்ந்தது. அதற்குப் பிறகு பூக்கவில்லை. நான் விடவில்லை.

உன் நினைவு நாள் வருகிறது. "கொஞ்ச நாளு ஊத்தாம வுடேன்டா. அவ படத்துக்கு அவ செடிப் பூவ வெக்கலாம்" என்று அம்மா கெஞ்சுகிறாள். அவள் கேட்பதில் தப்பில்லை. கடையில் ரோஜா மாலை வாங்கி வருகிறேன் என்றேன். "கல்லுடா நீ" என்றாள். சரி, அப்படியே இருக்கட்டும்.

வேர் அழுகாமல் இருக்கத் தொட்டியின் அடியில் ஓட்டைகளைப் பெரிதாக்கி, மண்ணில் மணலைக் கூட்டியிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது அந்த அளவுக்குத்தான் உன் செடிக்கு உதவுகிறது. மேல்மண் காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும் என்பது முறை. நான் காய விடுவதில்லை. காலையில் எழுந்ததும் கோட்டைத் தாண்டி நிரப்புகிறேன், ஊற்றுகிறேன், எதிர்வீட்டில் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் குனிந்து காதை வைக்கிறேன்.

குடிக்குதுக்கா.