ஜமீன்தார் வீட்டுக்கு வந்த ஏழு பேர்

மார்ச் 4, செவ்வாய்
கடையில் இன்று பதினோரு மூக்குக்கண்ணாடிகளுக்கு லென்ஸ் பொருத்தினேன். கண் எரிகிறது. வீட்டுக்கு வந்தால் ஜமீன்தார் வழக்கம்போல மண்சட்டிக்குள். நான்கு வருஷமாக வளர்க்கிறேன், உள்ளங்கை அகலம் இருக்கிறான், தொட்டியில் தனிக்காட்டு ராஜா. ஆனாலும் என் காலடிச் சத்தம் கேட்டாலே ஓடி ஒளிகிறான். "நீ மீன் வளக்கிறியா, சட்டி வளக்கிறியா?" என்கிறார் இவர். இருக்கட்டும். என் மீன், என் இஷ்டம்.

மார்ச் 9, ஞாயிறு
இவருடைய அக்கா, என் அண்ணி, வந்திறங்கிவிட்டார். அண்ணி வீட்டில் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போடுகிறார்கள். இரண்டு மாதம் இங்கேதான். வரும் வழியில் அவருடைய மீன்தொட்டி விரிசல் விட்டுவிட்டதாம். கையில் ஒரு வாளி. அதற்குள் விரல் நீளத்தில் ஏழு வரிமீன்கள்.

"உன் தொட்டியிலதான் விடணும், வேற வழியில்ல."

ஜமீன்தாருக்கு யாரோடும் ஒத்துப்போகாது என்றேன்.

"அப்ப ஒண்ணு சொல்றேன். என் பிள்ளைங்கள்ல ஒண்ணு செத்தாலும் உன் ஆளை வாங்கின கடையிலயே திருப்பிக் குடுத்துடணும்."

நான் வாய் திறப்பதற்குள் இவர் தலையாட்டிவிட்டார்! அக்கா என்றால் போதும், பூம்பூம் மாடுதான்.

மார்ச் 10
விடிந்ததும் அண்ணி எண்ணினார். கணக்கு டீச்சர் அல்லவா. ஏழு.

மார்ச் 13
ஏழுதான். ஆனால் ஒன்றுக்கு வால் கிழிந்திருக்கிறது. சட்டிப் பக்கம் எது போனாலும் ஜமீன்தார் பாய்கிறான். அண்ணி பார்த்த பார்வையில், ஏதோ நானே கடித்துவிட்ட மாதிரி இருந்தது. இவனும் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. நான்கு வருஷம் வளர்த்துவிட்டு, கொண்டுபோய்க் கொடுப்பதா? முடியாது. முடியவே முடியாது.

மார்ச் 15, சனி
உடம்பெல்லாம் கொதிக்குது. கடையிலிருந்து வந்து பார்த்தால் அண்ணி தொட்டியைக் கழுவியிருக்கிறார். கழுவட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? சட்டியை எதிர்மூலைக்கு மாற்றி, கல்லையெல்லாம் கலைத்து —

"அவன் வீட்டை ஏன் அண்ணி கலைச்சீங்க?" கேட்டேவிட்டேன். குரல் உசந்துதான் போச்சு.

"எந்த மூலை தன்னோடதுன்னு தெரிஞ்சாத்தானே சண்டைக்கு வருவான்? கிளாஸ்ல வால் பசங்களை நான் இடம் மாத்தி உக்கார வைக்கிறதில்லையா?"

சாப்பிடும்போது இவர் மட்டும் இரண்டு தடவை தண்ணீர் கேட்டார்.

மார்ச் 16
பாயவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் திருதிருவென்று விழிக்கிறான். பாவம்டா நீ. அழுகையா வருது எனக்கு.

மார்ச் 23, ஞாயிறு
நம்ப முடியவில்லை. காலை பத்து மணி, நல்ல வெளிச்சம், தொட்டியின் நட்டநடுவில் ஜமீன்தார்! கிட்டப் போனேன். மேலே ஏழும் கூத்தடித்துக்கொண்டிருந்தன. அவை ஓடவில்லை, அவனும் ஓடவில்லை.

"சின்னதுங்க பயமில்லாம சுத்துனா, ஆபத்து ஒண்ணுமில்லன்னு பெருசுக்கும் புரிஞ்சிடும்" என்றார் அண்ணி.

அவன் வயிற்றில் சிவப்பாக ஒரு பட்டை இருக்கிறது. எனக்கே இன்றுதான் தெரியும். அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட, போடி" என்றார்.

ஏப்ரல் 20
கிழிந்த வால் வளர்ந்துவிட்டது. தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துதான் நானும் அண்ணியும் காய் நறுக்குகிறோம். பள்ளிக்கூடத்துக் கதை, என் கடைக்கு வருபவர்கள் கதை, இவர் சின்ன வயசில் செய்த கூத்து. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. "எனக்கு ஒரு டீ கிடைக்குமா, கிடைக்காதா?" என்று இவர் அறையிலிருந்து கத்துகிறார். கிடைக்காது.

மே 11, ஞாயிறு
தரை வேலை முடிந்தது. அண்ணி கிளம்பத் தயாராகிவிட்டார். புதுத் தொட்டியும் வாங்கியாயிற்றாம். ஏழையும் பிடித்து வாளியில் விட வலையைத் தேடி எடுத்தேன். மனசே சரியில்லை. ஜமீன்தாரை நினைத்து மட்டும்தானா? தெரியவில்லை.

அண்ணி வலையை வாங்கி ஆணியில் மாட்டினார். "இதுங்களைப் பிரிச்சா அவன் மறுபடியும் ஒளிஞ்சுக்குவான். இங்கேயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து என் மீனைப் பாத்துட்டுப் போறேன்."

மே 18, ஞாயிறு
காலை பத்து மணிக்கு அண்ணி வந்தார், என்னோடு பேசிச் சிரித்துவிட்டு மாலை ஆறு மணிக்குப் போனார். தொட்டிப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.