மைக் மாட்டிய கை

என் பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சின்னவளும் சுகம்தான், அப்பாவுக்கு மட்டும் முழங்கால் வலி. லிஃப்ட் பழுது பார்க்கப் போகிற இடத்தில் லிஃப்ட் ஓடுமா, மாடிப்படி ஏறித்தானே ஆகவேண்டும் என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்கிறார். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்பாய், அதனால் இந்த முறை கேட்கப்போவதில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் அழுதுவிடுவேன், உடனே நீ எனக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், அது வேண்டாம். எல்லாரும் படுத்தாயிற்று, மருந்துக்கடையில் நின்று நின்று கால் கடுக்கிறது, ஆனாலும் இதை எழுதாமல் தூக்கம் வராது.

நம் வீட்டு டிவி கதை உனக்குத் தெரிந்ததுதான். வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அதைப் போட்டுவிடுவேன், பார்ப்பதற்கு அல்ல, வீட்டில் ஒரு சத்தம் வேண்டும், நீ போன பிறகு அது இன்னும் கூடிப்போயிற்று. துணி மடிப்பது, காய் நறுக்குவது, சின்னவளை அதட்டுவது எல்லாம் அதற்கு எதிரில்தான். கொஞ்ச நாளாக எந்தச் சேனலைத் திருப்பினாலும் அந்த ஒரே படம். சமையல் நிகழ்ச்சியில் வெங்காயம் நறுக்குகிறவரும் அந்தக் கதாநாயகன்தான், குழந்தைகள் பாட்டுப் போட்டியில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவரும் அவர்தான், செய்திக்கு நடுவிலும் சோபாவில் சாய்ந்துகொண்டு குடும்பத்தோடு வந்து பாருங்கள் என்கிறார். அப்பா ரிமோட்டை மேசையில் போட்டுவிட்டு, "நாம போய்ப் பாக்கலைன்னா இவன் பாயைச் சுருட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கே வந்துருவான் போலிருக்கே" என்றார். அப்படி எரிச்சல்பட்டுக்கொண்டிருந்த நான்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன்.

எதைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். அவர் சட்டையில் மைக் மாட்ட ஒரு பெண் குனிகிறாள், முகத்தை முடி மறைக்கிறது, கை நடுங்குகிறது, கிளிப் நிற்கவே மாட்டேன் என்கிறது. "ஏம்மா, மைக் மாட்டுறியா, கழுத்தை நெரிக்கிறியா? என் போன படத்தைப் பாத்துட்டியா?" என்கிறார் அவர். அரங்கமே சிரிக்கிறது. அதோடு விட்டாரா, அந்தக் கை ஆடுவதுபோலத் தன் கையை ஆட்டிக் காட்டுகிறார், தொகுப்பாளினியும் சேர்ந்து ஆட்டுகிறாள். மறுநாளிலிருந்து அந்தத் துண்டையே படத்துக்கு விளம்பரமாக்கி, கையை மட்டும் பெரிதாகக் காட்டி, டொய்ங் டொய்ங் என்று சத்தம் சேர்த்து, இடைவேளைக்கு இடைவேளை போட்டார்கள். மற்ற விளம்பரத்துக்கெல்லாம் சேனலை மாற்றச் சொல்கிற நான் இதற்கு மட்டும் மாற்றவிடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே உனக்குப் போன் போட்டு அவர் குரலிலேயே பேசிக்காட்டினேனே, அதை நினைத்தால்தான் தாங்கவில்லை. "யாரு பெத்த பொண்ணோ பாவம், ஒரு மைக் மாட்டத் தெரியலை" என்றுகூடச் சொன்னேன். நீ "ஆமாம்மா, செம காமெடி" என்றாய், வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாய்.

நேற்று சின்னவள் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று சத்தத்தை அடக்கி வைத்திருந்தேன், அந்த விளம்பரம் வந்தது. சிரிப்பும் இல்லை, டொய்ங்கும் இல்லை, வெறும் கைதான் தெரிந்தது. ஒரு கை கிளிப்போடு போராடுகிறது, இன்னொரு கையில் கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் அழுத்திப் பிடித்திருக்கிறாய். பசித்தால் உனக்குக் கை ஆடும், ஆடினால் அப்படித்தான் மறைப்பாய், பள்ளிக்கூடத்தில் சாப்பிடாமல் பரீட்சைக்குப் போன நாளெல்லாம் உன் எழுத்து கோணலாகிவிடும். என்னைவிட இது யாருக்குத் தெரியும்? ஊரே சிரித்தது உன் பசியைப் பார்த்து, அதில் நானும் ஒருத்தி. ஒலிக்கருவி வாடகைக்குக் கொடுக்கும் கம்பெனியில் வேலை என்று நீ சொன்னபோது, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பாய் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன், என்ன செய்கிறாய், எங்கே அனுப்புகிறார்கள், எப்போது சாப்பிட விடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. சின்னவளைக் கூப்பிட்டால் அவளுக்கு முதல் நாளே தெரியுமாம், உன் சட்டையை வைத்துக் கண்டுபிடித்தாளாம், "அம்மாகிட்ட சொல்லாதடி, ரொம்ப நாள் கழிச்சு நல்லா சிரிக்கிறாங்க" என்று நீ மெசேஜ் அனுப்பினாயாம். அப்பாவிடம் சொன்னேன். வேலை செய்கிற இடத்தில் யார் கையிலிருந்து ஸ்பேனர் நழுவினாலும் அந்த வசனத்தை அவர்தான் சொல்லிக்கொண்டு திரிந்தாராம், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்தப் போனுக்குப் பிறகு நீ கூப்பிடுவதில்லை, மெசேஜ்தான், அதிலும் ஒரு சிரிப்புப் பொம்மை. கோபம் என்றால் கோபப்படு, அது உன் உரிமை. என் பயம் வேறு. உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயதுதான் வித்தியாசம், அக்கா தங்கச்சியா என்று கடையில் கேட்டால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். அதனால்தானோ என்னவோ என்னையும் ஒரு சின்னப் பெண்ணாக நினைத்து, நல்லதை மட்டும் சொல்லிச் சிரிக்க வைத்துக் காப்பாற்றப் பார்க்கிறாய். அப்படியே பழகிவிட்டால் உன் வாழ்க்கையில் நடக்கிறது எதுவும் என் காதுக்கு வராமலே போய்விடுமே அம்மா. வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லமாட்டேன், அது உன் முடிவு. அந்த ஆளை ஒன்றும் செய்ய எனக்கு வழியில்லை. பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டாவது போட்டு வைத்துக்கொள், வேலை முடியட்டும் என்று வயிற்றைக் காயப்போடாதே.

நீ நன்றாக இருக்கவேண்டும், தலை நிமிர்ந்து இருக்கவேண்டும், எங்கள் இருவரின் ஆசியும் சின்னவளின் முத்தமும் உனக்கு. ஒன்றை மட்டும் மறக்காதே. இனிமேல் நான் போனில் எதையாவது சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தால் முழுக்கச் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருக்காதே. நடுவிலேயே "அம்மா, நிறுத்து, அது நான்" என்று சொல்லிவிடு.

உன்
அம்மா