‘பாராட்டு’ப் பெட்டியில் முடித்துவைக்கப்பட்ட 412 மனுக்களை மீண்டும் திறக்கக் கோரி

அனுப்புநர்:
நல்கையாளர் எண் 7,
செயற்கை நுண்ணறிவு ஆளுகை ஆய்வு நல்கை (இளநிலைப் பணியாளர் பிரிவு),
ஆய்வறை, மூன்றாம் தளம்.

பெறுநர்:
ஆணையர்,
பொதுமக்கள் மனுப் பிரிவு,
முதல் தளம், இதே கட்டடம்.

பொருள்: மனுக்களைப் பிரிக்கும் இயந்திரம் ‘பாராட்டு’ என முடித்துவைத்த 412 மனுக்களை மனிதர்கள் முழுமையாகப் படிக்க வேண்டுதல் – எனது ஆய்வறிக்கையைத் திரும்பப் பெறுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மனுவின் தொடக்கத்தில் வழக்கமாக இருக்கும் நன்றியும் பாராட்டும் இதில் இல்லை. மரியாதைக் குறைவாகக் கருத வேண்டாம். அவை இருந்தால் இந்த மனு தங்கள் மேசைக்கு வராது என்பது எனக்குத் தெரியும். கணினி வழியே அனுப்பாமல் படி இறங்கி வந்து கையில் கொடுப்பதும் அதனால்தான்.

2. நான் குடிநீர் அலுவலகம் ஒன்றில் மூன்றாண்டு எழுத்தராக இருந்தவள். வேலைக்குச் சேர்ந்து ஐந்தாண்டு நிறையாதவர்களுக்கு உதவித்தொகையோடு ஆய்வுப் பயிற்சி தரும் இந்த ஓராண்டு நல்கைக்குத் தேர்வான எட்டுப் பேரில் ஒருத்தி. ஒரு செவிலியர், ஒரு வழக்கறிஞர், ஒரு பள்ளி ஆசிரியர் என்று மற்றவர்களும் என்னைப்போல் புதியவர்களே. அலுவலகங்களில் இயந்திரத்தை எங்கே நம்பலாம், எங்கே கூடாது என்று விதி வகுக்கக் கற்பதே எங்கள் வேலை. முதல் நாள் வகுப்பில் எங்கள் திட்ட வழிகாட்டி கரும்பலகையில் எழுதிய கேள்வி, ‘இது தவறினால் அடிபடுவது யார்?’ என்பது. அதைக் குறிப்பேட்டில் இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

3. இயந்திரத்தைப் பழக்குவதற்காகப் பழைய மனுக்கள் ஆறாயிரத்தைப் படித்து, ‘அவசரம்’, ‘சாதாரணம்’, ‘பாராட்டு’ என்று குறியிடும் பணி நான்கு வாரத்துக்கு எங்களிடம் தரப்பட்டது. முழுவதும் படிக்க வேண்டும் என்றே வழிகாட்டி சொல்லியிருந்தார். திரையில் முதல் மூன்று வரி தெரியும்; மீதிக்கு ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டாம் வாரம் எட்டுப் பேரும் சேர்ந்து அந்தப் பொத்தானை மறந்தோம். “ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சும்மாவா சொன்னாங்க?” என்றார் வழக்கறிஞர். சிரித்தோம். எல்லோரிலும் நான்தான் வேகம். எனக்கு ‘அரை நிமிஷம்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

4. நம் மக்கள் மனு எழுதும் முறை தாங்கள் அறிந்ததே. முதலில் ஒரு கும்பிடு, பிறகு போன முறை செய்த உதவிக்கு நன்றி, அதன் பிறகே வந்த காரியம். மூன்று வரியில் கும்பிடு மட்டும்தான் இருக்கும். அத்தனையையும் ‘பாராட்டு’ என்று குறித்தோம். இயந்திரம் அதையே கற்றுக்கொண்டது. பிறகு நடந்த சோதனையில் அது எங்கள் குறிகளோடு நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு ஒத்துப்போனது. எங்களிடம் படித்த பிள்ளை எங்களோடு ஒத்துப்போவதில் என்ன அதிசயம்? ‘பொதுமக்களுக்குக் கேடு விளைய வாய்ப்பில்லை’ என்ற வரி ஆய்வறிக்கையின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் உள்ளது. எழுதியவள் நான். அதை ஏற்றுக் கையொப்பமிட்டு, இயந்திரத்தைத் தங்கள் பிரிவில் இயங்கவிட்டவர் தாங்கள்.

5. என் அப்பா பேருந்து நிலைய விசாரணைக் கவுண்டரில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தவர். ஊரார் வசவையெல்லாம் வாங்கியவர் என்பதால், எடுத்த எடுப்பில் யாரையும் குறை சொல்ல மாட்டார். அவரும் அம்மாவும் குடியிருக்கும் அரசு அடுக்குமாடியின் நான்காம் தளத்தில், லிஃப்ட் வராதபோதும் அதன் வெளிக்கதவு இழுத்தால் திறந்துகொண்டது. சென்ற மாதம் மூன்றாம் தேதி அதைப் பற்றித் தங்கள் பிரிவுக்கு எழுதினார். மாடிப்படி விளக்கைப் போன வருடம் சரிசெய்ததற்கு நன்றி, வந்த பணியாளரின் பண்புக்கு நன்றி, அப்புறம் கதவு. அதே நிமிடத்தில் பதில் வந்தது: ‘தங்கள் அன்பான சொற்களுக்கு நன்றி.’ அம்மாவிடம் கைப்பேசியைக் காட்டி, “பாத்தியா, உடனே பதில் போட்டுட்டாங்க. நாளைக்கே ஆள் வருவாங்க” என்றாராம். ஆள் வரும்வரை இருக்கட்டும் என்று கதவின் குறுக்கே ஒரு நாற்காலியைப் போட்டுவைத்தார்.

6. ஆள் வரவில்லை. இருபத்திரண்டாம் தேதி அடுத்த வீட்டுக்காரர் அலமாரி ஏற்றுவதற்காக நாற்காலியை நகர்த்தினார், திரும்பப் போடவில்லை. காலை ஒன்பதரை மணிக்கு அம்மா துவைத்த துணி வாளியோடு மொட்டைமாடிக்குப் போக லிஃப்ட் கதவைத் திறந்தார்; நாற்காலி இல்லாததால், சரிசெய்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார். உள்ளே லிஃப்ட் இல்லை. அம்மா இறந்துவிட்டார்.

7. ஆறு நாள் விடுப்புக்குப் பிறகு வேலைக்கு வந்தேன். அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அப்பாவின் மனுவைத் தேடினேன். ‘பாராட்டு’ப் பெட்டியில், ‘முடிந்தது’ என்ற குறியோடு இருந்தது. அதே பெட்டியில் மூன்று மாதத்தில் சேர்ந்தவை 412. அவற்றில் அறுபதைக் கடைசி வரியிலிருந்து மேல் நோக்கிப் படித்தேன். இருபத்துமூன்றில் குறை இருக்கிறது. ஒன்றில் பள்ளிச் சுவர் சாய்ந்திருக்கிறது. இன்னொன்றில் கைப்பிடியில்லாத பாலத்தில் பிள்ளைகள் நடக்கிறார்கள். இரண்டுக்கும் ‘அன்பான சொற்களுக்கு நன்றி’ என்று நாம் பதில் அனுப்பியிருக்கிறோம்.

8. ஆகவே, அந்தப் பெட்டி தானாக மனுக்களை முடித்துவைப்பதை இன்றே நிறுத்துமாறும், மீதி 352 மனுக்களை இந்த வாரத்துக்குள் ஆட்களைக் கொண்டு முழுமையாகப் படிக்கச் செய்யுமாறும் வேண்டுகிறேன். சுவரும் பாலமும் வாரக்கடைசி வரை காத்திருக்க முடியாது. அவை உட்பட, குறையுள்ள 23 மனுக்களின் எண்களை இணைத்துள்ளேன். எனது ஆய்வறிக்கையை ரத்து செய்து, காரணத்தை என் பெயரோடு பதிவு செய்ய வேண்டும். நல்கையைத் தொடர நான் கேட்கவில்லை.

9. இன்னும் ஒன்று. அப்பா தினமும் அந்த மனுவின் நகலை எடுத்துவைத்துக்கொண்டு, “கதவு விஷயத்தை முதல்ல எழுதியிருக்கணுமோ?” என்று கேட்கிறார். “இல்லப்பா” என்கிறேன். மகள் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைக்கிறார். அவர் எழுதியதில் பிழை இல்லை, படித்தவர்கள் பிழை என்று தங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம் அவருக்கு வர வேண்டும். அலுவலகக் கடிதம் என்றால் நம்புவார்.

நாள்: 9, செவ்வாய்க்கிழமை.
இடம்: தங்கள் அறை வாசல்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
நல்கையாளர் எண் 7

இணைப்பு: 23 மனுக்களின் எண்கள்.

நகல்:
1. நல்கைத் திட்ட வழிகாட்டி.
2. என் அப்பா, நான்காம் தளம். (குறியிட்டவர்களில் நானும் ஒருத்தி என்பது அவருக்கு இன்னும் தெரியாது. இன்று மாலை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.)