கட்டிலுக்கு அடியில் ஜாக்கி

அன்புள்ள எர்மெலிந்தா,

கன்னி மரியாளின் தயவில் நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்கிறார்களா?

இந்தக் கனடாக் கடைச் சோள ரொட்டி அட்டை மாதிரி இருக்கிறது. அதனால் பண்ணையில் எங்களைத் தங்கவைத்திருக்கும் அறையில் நானே ரொட்டி தட்ட ஒரு யந்திரம் செய்தேன். இரும்புக் கட்டிலுக்கு அடியில் இரண்டு பலகை, நடுவில் மாவு உருண்டை, கீழே பண்ணை வேனின் ஜாக்கி. திருகினால் ரொட்டி தயார். கட்டில் மேலே எழும்பாமல் இருக்க இரண்டு பேர் ஏறி உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற வழியில் வேன் பஞ்சர். ஓட்டிவந்த என் அறைக்காரன் பிதென்சியோ கருவிப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் கத்தினான்.

"டேய், ஜாக்கி எங்கடா?"

"கட்டிலுக்கு அடியில."

"அங்க என்னடா பண்ணுது?"

"உனக்கு மத்தியானச் சாப்பாடு பண்ணுது."

அடிக்கவே வந்துவிட்டான். பயப்படாதே, அடிக்கவில்லை. நம் சோள வண்டி சேற்றில் புதைந்தால் தூக்குவோமே, அதே போல வேலிக் கம்பம் ஒன்றைக் கல்மேல் வைத்து வேனில் வந்தவர்களில் ஏழு பேர் தொங்கினோம். வேன் எழுந்தது, பிதென்சியோ சக்கரம் மாற்றினான். பூசைதான் முடிந்துபோயிருந்தது. மத்தியானம் பிதென்சியோ ஒன்பது ரொட்டி தின்றுவிட்டு, "ஜாக்கி அங்கேயே இருக்கட்டும், கம்பத்தை வேன்ல போட்டுக்குவோம்" என்றான்.

ஒரே குறை, ரொட்டி ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக வருகிறது. நீ தட்டுவது எப்போதும் உன் கையளவு. ஒரு தாளில் கையை வைத்துச் சுற்றி வரைந்து அனுப்பு, பலகையில் ஒட்டிக்கொள்கிறேன். விரல்களையும் வரை. ரொட்டிக்கு விரல் தேவையில்லை, இருந்தாலும் வரை.

வேலைக்குக் கூப்பிட்டு வேன் ஹார்ன் அடிக்கிறது.

உன்
எலெயுத்தேரியோ