ஃபில்தி ரிச் என்றால்

ஆவணி 15, ஞாயிறு

காலையில் சென்னையிலிருந்து மானாம்பதிக்கு வந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. கிளம்பும்போது அவர் வாசலில் நின்று நண்பனிடம் போனில், "ஃபில்தி ரிச் ஃபேமிலிடா" என்று சொன்னது அப்பாவின் காதில் விழுந்துவிட்டது. ரிச் அவருக்குத் தெரியும். ஃபில்திக்கு அர்த்தத்தைத் தன் செல்போனிடம் கேட்டார். அசுத்தம் என்றது அது.

"மோட்டார் போட்டுட்டு சேத்துக் காலோட வந்தேன் இல்ல, அதைத்தான் சொல்லிக்கீறான். இந்த சம்பந்தம் வேணாம்மா."

"ஐயோ அப்பா, கொள்ளைப் பணம் இருக்கறவங்கன்னு அர்த்தம். அழுக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்போ அதை நல்ல வார்த்தையில சொல்றதுக்கு இன்னா கேடு?"

பொழுது சாயும்வரை சொல்லிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. மாப்பிள்ளையே அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசினால் சரியாகிவிடும் என்று அவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "சாரிங்க. உங்க அப்பாவுக்கு இங்கிலீஷ் புரியாதுன்னு நெனச்சுதான் அப்படிச் சொன்னேன்."

போனை அப்பாவிடம் கொடுக்காமலே வைத்துவிட்டேன். நான் சொன்ன அர்த்தம்தான் சரி. ஆனால் அதை இனி அப்பாவிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?