மீட்டர் பெட்டியில் வைத்த சாவி

விம்கோ நகர்,
ஞாயிறு காலை.

அன்பு நவ்ரீனுக்குக் கீழ்வீட்டு கெங்கம்மா ஆசையோடு எழுதுவது. உத்தமபாளையத்தில் அத்தா, அம்மா, தம்பி எல்லோரும் சுகமா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே என் வீட்டுக்காரர், உன் திருமலை மாமா, நேற்றுதான் கடலில் இருந்து கரைக்கு வந்தார். வந்ததும் வராததுமாக மாடியைப் பார்த்து, "நவ்ரீன் பாப்பா எங்க கீது? சத்தத்தையே காணோம்" என்றார். ஊருக்குப் போய்விட்டது என்றேன். ஏன் என்று கேட்டார். அவரிடம் சொன்னதைத்தான் இப்போது உனக்கும் எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருப்பேன். நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, அதில் உன்மேல் தப்பே இல்லை. அதோடு உன் அத்தா கையில் கொடுப்பதற்கு ஒரு காகிதம் வேண்டும். எட்டாவது வரை படித்த கை, எழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கும். சிரிக்காமல் படி.

மாடியில் திருட்டுப் போன செவ்வாய்க்கிழமை நீதான் கடைசியாகப் பூட்டிவிட்டுக் கல்லூரிக்குப் போனாய். உன்னோடு தங்கியிருந்த கீர்த்தியின் லேப்டாப்பும் எழில்மொழியின் கம்மலும் போயிருந்தன, ஆனால் பூட்டு உடையவில்லை. உன் வகுப்புப் பையன் வெற்றியிடம் நீ சாவியைக் கொடுத்திருப்பாய் என்று அந்த இரண்டு பெண்களும் பேசினார்கள். வழக்கம்போல மீட்டர் பெட்டியில்தான் வைத்தேன் என்று நீ அழுதாய். நான் பக்கத்திலேயே நின்றேன். நின்றதோடு விட்டேனா? "நீ கொஞ்சம் உஷாரா இருந்துருக்கலாம் கண்ணு" என்று வேறு சொன்னேன். அந்தப் பேச்சு ஊர் வரை போய், வெள்ளிக்கிழமை உன் அத்தாவே வந்து பெட்டியோடு உன்னை அழைத்துப் போனார். போகும்போது நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் மீன் கூடையைக் கழுவுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

சாவியைப் பற்றிச் சொன்னது நான்தான் நவ்ரீன்.

அன்றைக்குக் காலையில் வாசலில் மீன் விற்றுக்கொண்டிருந்தேன். சட்டையில் அட்டை மாட்டிய ஒருத்தன் வந்தான். "யக்கா, கேஸ் டியூப் செக் பண்ணணும், மேல ஆள் கீறாங்களா?" என்றான். கேட்டானே தவிர, அவன் கண் சங்கரா மீன் மேல் இருந்தது. ஒரு கிலோ எடுத்தான், சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தான். இத்தனை வருஷ வியாபாரத்தில் பேரம் பேசாமல் என்னிடம் சங்கரா வாங்கினவன் எவனாவது உண்டா? அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கோ மனசு குளிர்ந்துபோய்விட்டது. "பொண்ணுங்க காலேஜுக்குப் போயிடுச்சுங்க, அஞ்சு மணிக்கி மேலதான் வரும். சாவி மீட்டர் பெட்டிலதான் கீது, ஆனா ஆள் இல்லாம தொறக்கக் கூடாதுப்பா" என்றேன். "அப்ப சாயங்காலம் வரேங்க்கா" என்று போனான். நானும் மிச்ச மீனை விற்றுவிட்டு நிம்மதியாகப் படுத்துத் தூங்கினேன்.

எதிர் மருந்துக் கடை கேமராவை நேற்றுதான் பார்த்தோம், அதில் அவன் படியேறுவது தெரிகிறது. கையில் நான் கட்டிக்கொடுத்த மீன் பை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது என்று எழுதிவிடலாம். அது பொய். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ அழுதபோதே எனக்குத் தெரியும். தெருவில் தலைகாட்ட முடியாதே, மாடிக்கு இனிமேல் யார் குடிவருவார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்கு வரவேண்டிய கெட்ட பெயரை உன் தலையில் சுமத்தி ஊருக்கு அனுப்பினேன்.

நேற்றே மாமாவோடு ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். பெண்களிடமும் சொன்னேன். கீர்த்தி என்னிடம் பேசுவதில்லை. எழில்மொழி, "உங்கள நம்பி நாங்க அவள என்னென்ன சொல்லிட்டோம் ஆன்ட்டி" என்று அழுதாள். அவர்கள் இருவரும் உனக்குத் தனியாக எழுதுவார்கள்.

நீங்கள் குடிவந்தபோதே ஆளுக்கு ஒரு சாவி கேட்டீர்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு சாவிதான், அதை வைக்க மீட்டர் பெட்டிதான் என்று நான்தான் சிரித்தேன். இப்போது புதுப் பூட்டு போட்டு, ஆளுக்கு ஒரு சாவியும் செய்தாயிற்று. படிக்கட்டுக்குக் கிரில் கேட், கதவில் வெளியாள் முகம் தெரிகிற கண்ணாடியும் வைத்தாயிற்று. யார் என்ன கேட்டாலும் தெரியாது என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். மூன்று வருஷமாக சிலிண்டர் போடுகிற அலெக்ஸாண்டர் இன்று காலை, "மாடில ஆள் கீறாங்களாம்மா?" என்றான். எங்களுக்கு மாடியே கிடையாது என்றேன். அவன் மேலே காய்கிற துணிகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

உன் சாவியை இந்தக் கவரிலேயே வைத்து அனுப்பப் பார்த்தேன். எழில்மொழி தலையில் அடித்துக்கொண்டாள். கவருக்குப் பின்னால் வீட்டு முகவரி, உள்ளே வீட்டுச் சாவியா என்று கேட்டாள். இதுதான் உன் கெங்கம்மா புத்தி. அதனால் சாவி இங்கேயே இருக்கிறது, நீ வந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்த மாதம் பரீட்சை என்று எழில்மொழி சொன்னாள். உன் அத்தா படிப்பே போதும் என்று சொல்லிவிட்டாராமே. இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடு. சௌக்கத் அலி அண்ணே, உங்கள் பிள்ளை யாரிடமும் சாவி கொடுக்கவில்லை. பூட்டிவிட்டு, நான் வைக்கச் சொன்ன இடத்தில் வைத்துவிட்டுப் பாடம் படிக்கப் போனது. "உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்று என்னிடம் சொன்னீர்கள். நம்பிக்கையைக் கெடுத்தது நான். என் வீட்டில் விட வேண்டாம் என்றால் வேறு நல்ல வீடு நானே தேடித் தருகிறேன். பிள்ளையைப் பரீட்சைக்கு மட்டும் அனுப்பிவிடுங்கள்.

நவ்ரீன், நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. வாசலில் நின்று தெருவே கேட்கிற மாதிரி என்னைத் திட்டு. நான் குனிய மாட்டேன். திட்டவாவது வா கண்ணு.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளும்,
கெங்கம்மா